சம்பந்தி காதில் விழுந்த இருமல்

மனைவி போன பிறகு எனக்கு வேறு போக்கிடம் இல்லை. ஜோகுபாளையத்தில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசிக்கிற குடும்பம் எங்களுடையது. காலையில் மூன்று இட்லி. நான்காவதை மகள் வைத்தாலும் எடுத்துவிடச் சொல்வேன். கூடத்துக் கட்டிலில் மாப்பிள்ளையின் அம்மா இருப்பார். அவருக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு துணித் திரைதான்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மார்கழியில், எனக்கு நிமோனியா வந்தது. தெருமுனை டாக்டர் கொடுத்த சல்பா மாத்திரை பத்தையும் விழுங்கினேன். காய்ச்சல் இறங்கவில்லை. நிமிடத்துக்கு இருபத்தெட்டு மூச்சு என்று நானே கடிகாரம் பார்த்து எண்ணிச் சொன்னதும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. இப்போதெல்லாம் இந்தக் கிருமி பலரிடம் அந்த மாத்திரைக்கு மசிவதில்லையாம். பெனிசிலின் ஊசி போடலாம். அதற்கும் மசியாத கிருமியாக இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிதான். எதற்கு மசியும் என்று அறிய முதலில் சளியை வளர்த்துப் பார்க்க வேண்டும். ஊசி போட்ட பிறகு எடுத்தால் கிருமி வளராது என்றார்.

மறுநாள் காலை மாப்பிள்ளை பொம்மசந்திராவில் இருந்த தன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, சளியைத் துப்ப ஒரு சின்ன டப்பாவை என்னிடம் தந்தார். வெளியே வந்தால் சீக்கிரம் செத்துவிடும் கிருமியாம். நான் துப்பிக் கொடுத்ததை உடனே எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் லேபுக்குப் போனார். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தார்.

"மாமா, இது எச்சிலாம். சளியே இல்லைன்னு சொல்லிட்டாங்க."

எனக்குத் தெரியும். திரைக்கு அந்தப் பக்கம் சம்பந்தி இருக்கும்போது அடிவயிற்றிலிருந்து காற எப்படி மனம் வரும்? வாயில் துண்டை வைத்துக்கொண்டு மூன்று முறை மெதுவாகத் துப்பியிருந்தேன். அதனால் ஊசி அரை நாள் தள்ளிப்போயிற்று. மாப்பிள்ளை என் பின்னால் உட்கார்ந்து, முதுகில் கை வைத்து, டப்பாவை என் வாயருகே பிடித்தார். படித்தவன், பென்ஷன்காரன், மாப்பிள்ளை கையில் துப்ப வேண்டியதாயிற்று. நான் மறுபடி மெல்லத்தான் இருமினேன்.

திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "நல்லா காறித் துப்புங்க சம்பந்தி. என் வீட்டுக்காரர் காறினா தெருவே எழுந்துக்கும். நாங்க பார்க்காத சளியா?"

காறினேன். துருப்பிடித்த நிறத்தில் வந்தது. மாப்பிள்ளையின் விரலிலும் கொஞ்சம் பட்டது. அவர் அதைத் துடைக்காமல் முதலில் மூடியைத் திருகினார்.

அன்று மாலையே ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் லேபில் இருந்த டாக்டரம்மா முடிவைச் சொன்னார்: சல்பா கேட்காது, பெனிசிலின் கேட்கும். நான் விவரம் கேட்டேன். கிருமிக்குப் பெயர் ஒன்றுதானாம், உள்ளே எத்தனையோ வம்சமாம். தொண்டையில் பக்கத்தில் குடியிருக்கும் கிருமிகள் செத்தால் அவற்றின் துண்டுகளை எடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளுமாம். மருந்தை எதிர்க்கும் வித்தை அப்படியும் வந்து சேருமாம். மாப்பிள்ளை ஆர்வமாகக் கேட்டார். எனக்கு அவர் விரல்தான் கண்ணில் பட்டது.

பிழைத்துவிட்டேன். ஆனாலும் அந்த வீட்டில் தொண்டையைச் சரிசெய்ய வேண்டுமென்றால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் செய்வேன். கூடத்திலிருந்து சம்பந்தி சொல்வார்: "தண்ணிய மூடுங்க சம்பந்தி. டேங்கர் வர வியாழக்கிழமை ஆகும்."

மூடிவிட்டுக் காத்திருப்பேன், அவர் டிவி சத்தத்தைக் கூட்டும் வரை.