நிஸ்றா வாங்கிய மதர்போர்ட்

காத்தான்குடியில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். அப்படி நிஸ்றாவின் வீட்டுக்கு வந்த றிப்ஷான் கொண்டுவந்தது ஒரு பை உடுப்பும், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்த கொம்பியூட்டர் சாமான்களும்தான். கல்யாணம் முடிந்த மாதமே இரண்டு பேருமாக அவற்றைப் பொருத்தி ஒரு பெட்டியாகப் பூட்டினார்கள். அவன் கண்டபடி இழுத்துவிட்டிருந்த வயர்களை அடுத்த நாள் நிஸ்றா கழற்றி, ஒழுங்காக மறுபடி கொழுவினாள். அன்றிலிருந்து அந்தப் பெட்டியின் பராமரிப்பு அவள் பொறுப்பாகிவிட்டது. உப்பேறிய ஆற்றங்காற்றில் திருகாணிகள் துருப்பிடிக்கும். அவற்றை மாற்றுவதும் விசிறியில் தூசு தட்டுவதும் அவள்தான்.

பிறகு றிப்ஷான் இங்கிலாந்துக்குப் போனான். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. நிஸ்றாவை அங்கே எடுப்பதற்குப் போட்ட விசா விண்ணப்பம் இரண்டு தரம் மறுக்கப்பட்டது. மூன்றாவது இன்னும் கிடப்பில் இருந்தது. அதற்கு முடிவு வரும்வரை அவனும் ஊருக்கு வரக்கூடாதென்று சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

ஆகவே இருவரும் லொறி ஓட்டினார்கள். அது ஒரு விளையாட்டு. பனி கொட்டும் மலைப்பாதைகளில் அவன் ஒரு லொறி, அவள் ஒரு லொறி. இங்கே அவள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்காரும்போது அங்கே அவன் வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பான். தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினால் விண்ணப்பத்தைப் பற்றித்தான் கதை போகும், அது சண்டையிலே முடியும். லொறியில் போகும்போது அப்படி இல்லை. "முன்னுக்கு வளைவு, பாத்து வா" என்பான். "நீங்க பாத்துப் போங்க மச்சான்" என்பாள். அந்த ஒரு மணித்தியாலம் அவர்கள் புருஷன் பெண்சாதியாக இருந்தார்கள்.

ஒரு நாள் விளையாட்டு திறக்கவில்லை. புதுப் பதிப்பு வந்திருந்தது. அதற்குப் புது விண்டோஸ் வேண்டும். புது விண்டோஸோ அவளுடைய பழைய ப்ரொசெசரை ஏற்காது.

பிரதான வீதியில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்த முனாப் நானாவிடம் போனாள். அவர் பெட்டியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் வச்சிரிக்கீங்க தங்கச்சி. ஆனா ப்ரொசெசர மாத்தினா மதர்போர்டையும் மாத்தணும். ரெண்டு வழி இரிக்கி. முந்தின வரிசை போர்ட் எடுத்தா உங்கட பழைய றாமையே போடலாம், குறைஞ்ச காசில முடியும். ஆனா அந்த வரிசை அதோட சரி, பிறகு புதுசா ஒண்டும் ஏறாது. புது வரிசை எடுத்தா றாமும் புதுசு வேணும், இப்ப றாம் விலை ஏறிப்போய்க் கிடக்கு. ஆனா நெடுகப் பாவிக்கலாம்."

"எது நல்லம் நானா?"

"அது நீங்க சொல்லணும். எத்தன வருஷத்துக்குப் பாக்கிறீங்க?"

கடைக்காரர் யாரிடமும் கேட்கிற கேள்விதான். நிஸ்றா பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து றிப்ஷானை அழைத்துச் சொன்னாள்.

"அதெல்லாம் என்னத்துக்கு?" என்றான் அவன். "லெப்டொப் ஒண்டு எடு. நீ இங்க வரக்குள்ள கையோட கொண்டுவரலாம்."

வரக்குள்ள. அவள் போனை வைத்துவிட்டு அறையைப் பார்த்தாள். அலுமாரிக் கதவு ஒன்று கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. விட்டுப் போகிற வீட்டில் புது அலுமாரி என்னத்துக்கு என்று அப்படியே விட்டிருந்தாள். ஏறாவூரில் ஒரு தனியார் பாடசாலை கணினி படிப்பிக்கக் கூப்பிட்டபோது, பாதியில் விட்டுவிட்டுப் போனால் பிள்ளைகள் பாவமென்று மறுத்திருந்தாள். கல்யாண வீடுகளுக்கும் போவதில்லை. போனால் பல பேர் சேர்ந்து சாப்பிடும் சோற்றுச் சஹனைச் சுற்றி உட்கார்ந்ததும் யாராவது "எப்ப போறீங்க?" என்று கேட்பார்கள். சொந்த வீட்டிலேயே அவள் பஸ்ஸுக்கு நிற்கிற ஆளைப் போல இருந்தாள். பஸ் வரவுமில்லை, விட்டுவிட்டு நடக்கவும் ஏலவில்லை.

அவளுடைய உம்மா நஸீறா அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன மகள், மொகம் ஒரு மாதிரி இரிக்கி?"

"ஒண்டுமில்ல உம்மா. பொட்டிக்குச் சாமான் வாங்கணும்."

"இந்த மாசம் முடிவு வந்திருமெண்டு மருமகன் சொன்னாரே."

"எல்லா மாசமும் சொல்றார்" என்றாள் நிஸ்றா.

மூன்று நான்கு நாள் அவள் எதையும் வாங்கவில்லை. லுஹருக்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு காலையில் அபாயாவை மாட்டிக்கொண்டு முனாப் நானாவின் கடைக்குப் போனாள்.

"புது வரிசை போர்ட் தாங்க. ப்ரொசெசர், றாம் எல்லாம் அதுக்கேத்த மாதிரி. பவர் சப்ளையும் புதுசு வேணும், எங்கட பக்கம் கறண்ட் ஏறி இறங்கிற. கிராபிக்ஸ் கார்ட் பழசே கிடக்கட்டும், பிறகு பாப்பம்."

"அப்ப நெடுகப் பாவிக்கிற எண்ணம்தான்" என்றார் அவர்.

"ஓம் நானா."

வீட்டில் தானே பூட்டினாள். உம்மா போனின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழைய போர்டைக் கழற்றும்போது ஒரு திருகாணி துருவில் இறுகிப்போயிருந்தது. அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் திரையில் வெளிச்சம் வந்தது.

றிப்ஷானை அழைத்துச் சொன்னாள்.

"அப்ப நீ வாற யோசன இல்லயா?"

"விசா வந்தா அடுத்த நாளே வாறன் மச்சான். வரும்வரைக்கும் நான் எங்க இரிக்கிற? அதச் சொல்லுங்க."

அவன் அழைப்பைத் துண்டித்தான். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவன் விளையாட்டுக்கு வரவில்லை. நிஸ்றா தனியே ஓட்டினாள். பெட்டியில் சத்தமே இல்லை, பனி ஒவ்வொரு துகளாகத் தெரிந்தது. அவளுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. கோபத்தில் அவரோடான உறவை அறுத்துவிட்டேனோ என்று பயந்தாள். ஆனாலும் வாங்கிய சாமான்களைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம் அவளுடைய லொறிக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் வந்தது. அவன்தான். வெகுதூரம் முன்னும் பின்னுமாக ஓடினார்கள்.

"நிஸ்றா," என்றான் கடைசியில், "நான் இங்க வந்த நாளிலிரிந்து நிலத்திலதான் படுக்கிறன். ஒரு மெத்த மட்டும்தான். நீ வந்த பிறகு வீடு எடுத்துக் கட்டில் வாங்குவமெண்டு இரிந்தன்."

அவளுக்கு அது தெரியாது. வீடியோவில் அவன் முகத்தைத் தவிர வேறெதையும் அவன் காட்டியதில்லை.

"முதுகு நோகுதா?"

"குளிருக்கு நோகும். நேத்துக் கட்டில் ஒண்டு வாங்கினன்."

நிஸ்றா லொறியை ஓரமாக நிறுத்தினாள். கண்ணீர் கண்ணை மறைத்தது. "பாதைய மறிக்காத, நான் பின்னுக்கு நிக்கிறன்" என்றான் அவன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி எடுத்தாள்.

அடுத்த மாதம் விண்ணப்பத்துக்கு ஒரு பதில் வந்தது. முடிவல்ல, இன்னுமொரு பத்திரம் கேட்டிருந்தார்கள், எப்படியும் வருஷக் கடைசி வரை சுணங்கும். நிஸ்றா அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். பின்னேரம் எழும்பி, ஏறாவூர்ப் பாடசாலைக்குப் போன் எடுத்து, அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டாள்.