வானமாமலையின் நெற்றி

முன்னறையில் நாற்காலி கிறீச்சென்று இழுபட்டது. மேலதிகாரி வானமாமலை வந்து உட்கார்ந்துவிட்டார் என்று மனைவி சொல்லாமலே சுந்தரராமனுக்குத் தெரிந்தது.

பதினேழு வருஷ பம்பாய் மாட்டுங்கா வாழ்க்கையில் சுந்தரராமன் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. குமாஸ்தாவாக நுழைந்து, நாற்பது வயதில் கம்ப்யூட்டருக்கு அட்டையில் துளையிட்டுப் புரோகிராம் எழுதக் கற்றவர். செம்பூர்த் தொழிற்சாலைக்குள் ஒருவன் பாஸில் வேறொருவன் நுழைவதைப் பிடிக்க, இரண்டு போட்டோக்களின் முக அளவுகளை ஒப்பிடும் புரோகிராம் அவருடையதுதான். கண், மூக்கு, வாய், நெற்றி. நெற்றி ஆளுக்கு ஆள் மாறும் என்று அதற்கு மட்டும் ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தார். வினை அந்த ஐந்தில் இருந்தது.

தாராவியிலிருந்து வரும் தொழிலாளி சுயம்பு, தாய்க்குக் கொள்ளி வைத்து மொட்டையோடு வேலைக்குத் திரும்பினான். புதுப் போட்டோவில் அவன் நெற்றி உச்சந்தலைவரை நீண்டது. வேறு ஆள் என்றது இயந்திரம். தம்பியை அனுப்பி ஏமாற்றினானாம், நாளை வேலைநீக்கம். அந்தப் பாவிக்குத் தம்பியே கிடையாது.

"நெத்திக்குப் பூஜ்யம்னு புது அட்டை போட்டிருக்கீராமே. யாரைக் கேட்டு ஓய்?" என்றார் வானமாமலை.

"சுயம்பு வந்து அழுதான் சார். 'எங்கம்மைக்கு மொட்டை போட்டது குத்தமாய்யா?'ன்னு கேட்டான்."

"ரிப்போர்ட் டைரக்டர்கிட்டப் போயாச்சு. இப்போ மிஷின் தப்புன்னா என் மானம் போயிடும். பழைய அட்டையே இருக்கட்டும். அவன் போனா இன்னொருத்தன்."

சுந்தரராமன் எழுந்தார். அலமாரியிலிருந்து கம்ப்யூட்டர் அச்சடித்த ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் போட்டார்.

"தப்பு மிஷினோடது இல்லை. அஞ்சுன்னு எழுதினது இந்தக் கைதான். அதே பழைய அட்டையில இன்னொரு ஆளையும் ஓட்டிப் பார்த்தேன். பத்து வருஷத்துக்கு முந்தின பாஸ் போட்டோ, போன மாச ஆபீஸ் போட்டோ. வேறு ஆள்னுதான் வந்தது."

"யாரு?"

"நீங்கதான் சார்."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. வானமாமலையின் கை தானாக வழுக்கையைத் தடவியது.

"கிண்டலா?"

"கொள்ளி வச்சவனைத் திருடன்னு சொல்லிட்டு எனக்கென்ன சார் கிண்டல்? அவனை வாசல்ல நிறுத்தினா, பக்கத்துல நீங்களும் நிக்கணும். இந்தத் தாள் டைரக்டருக்குப் போகட்டுமா?"

வானமாமலை பேனாவை எடுத்து, அந்தத் தாளின் அடியிலேயே 'சுயம்புவை வேலைக்கு அனுமதிக்கவும்' என்று கிறுக்கிக் கையெழுத்திட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"இனி உமக்குப் பிரமோஷன் கனவுலகூடக் கிடையாது ஓய்."

"தெரியும் சார்."

வந்தவரைப் படியிறங்கும்வரை நின்று வழியனுப்புகிற சுந்தரராமன், அன்று கதவை அறைந்து சாத்தினார்.