சுன்னாகத்தில் பிகோனியாக் கிழங்கு

நுவரெலியாவில் வாங்கிய பிகோனியாக் கிழங்குகள் பைக்குள் வேர்த்து அழுகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சுன்னாகம் சந்தையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கிழங்கு விற்கும் அக்காவின் சாக்கு ஓரத்தில் அவற்றைக் காற்றாடப் பரப்புகிறேன். வீட்டுத் தொட்டியில் ஒன்றாவது பூக்க வேண்டும்.

சோடா வாங்கித் திரும்பினால், ஒரு ஐயா அவற்றை விற்கிற கிழங்கென்று நினைத்து அள்ளித் தன் பைக்குள் போடுகிறார்.

"ஐயோ ஐயா, அது பூவுக்கு வைக்கிறது! தின்னாதேங்கோ!"

"பூவுக்கு ஆரும் கிழங்கு வைப்பினமோ?"

அக்கா சிரிக்கிறா. "என்ரை இராசவள்ளிக் கிழங்கை ஒருத்தரும் பாக்கேல்லை. உவரின்ரை கிழங்குக்கெண்டால் ஆள் வருது."

ஐயா எல்லாவற்றையும் திருப்பித் தருகிறார், ஒன்றைத் தவிர. "இதை நட்டுப் பாக்கிறன். பூக்காட்டி, கூழுக்குள்ளை போடுவன்."

பஸ் புறப்படுகிறது. மடியிலிருக்கும் என் கிழங்குகளை மறந்து, அவர் கொண்டுபோன அந்த ஒன்று பூக்க வேண்டுமென்று அவருக்காகக் கும்பிடுகிறேன்.