சோறு கொண்டு வருகிறவள்

என் மாமியாருக்கு ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்றால் ஒரே வார்த்தைதான்: "பக்வாஸ்." சுத்த உளறல் என்று அர்த்தம். ஆள் திருநெல்வேலி. ஆனால் தில்லியில் மத்திய அரசு குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால், திட்ட வேண்டுமென்றால் இந்தி தானாக வந்துவிடும். பிடித்துவிட்டால் ஒன்றுமே சொல்ல மாட்டார். "அடுத்தத எடு" என்பார். அதற்கு மேல் பாராட்டை அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

போன குளிர்காலம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் தில்லி துவாரகாவில் எங்கள் பதினோராவது மாடி வீட்டில் அடைபட்டுக் கிடந்தோம். அடைபட்டு என்று சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. மெத்தை, ஹீட்டர், காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின், எல்லாம் இருக்கிற வீடு. ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை. வெளியே புகை. எதிர் டவர் இருக்கிறதா, இடிந்துவிட்டதா என்றே பல நாள் தெரியாது. என் கணவர் ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டி வைத்துவிட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு குருகிராமுக்கு வேலைக்குப் போய்விடுவார். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. நேரு பிளேஸ் ஆபீஸுக்கு வந்துவிடச் சொல்லி மேனேஜர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். "இந்தப் புகையில எதுக்கு? குறையட்டும், பாக்கலாம்" என்றார் கணவர். சரி என்று விட்டுவிட்டேன்.

அத்தைக்கு மயூர் விஹாரில் சொந்த வீடு இருக்கிறது. அவர் சம்பளத்தில் வாங்கியது. இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. மாமனார் போன பிறகும் அங்கே தனியாக, சௌகரியமாகத்தான் இருந்தார். ஒரு நாள் காலையில் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பால்காரர் வந்து பார்க்கும் வரை படியிலேயே கிடந்திருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து என் கணவருக்கு நெஞ்சு ஆறவில்லை. "கட்டு பிரிக்கிற வரைக்கும் எங்ககூட இரும்மா" என்று கூட்டிக்கொண்டு வந்தார். கட்டு பிரித்தார்கள். உடனே கண்ணில் புரை என்றார்கள். அந்த ஆபரேஷனையும் செய்து முடித்தோம். "கண்ணு தேறட்டும்" என்றார். கண் தேறுவதற்குள் தீபாவளி வந்து, பின்னாலேயே புகையும் வந்துவிட்டது.

அத்தை பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் மீட்டிங்கில் இருந்தேன். இன்டர்காம் அடித்தது. கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி, பையா என்றுதான் கூப்பிடுவோம். "மேடம், மாதாஜி நீச்சே ஆயீ ஹைன். ஜானே தூங்?" அம்மா கீழே வந்திருக்கிறார், விடட்டுமா என்கிறார். அவரை இப்படிக் கேட்கச் சொல்லி வைத்திருந்தது என் கணவர். அது எனக்கே அப்போதுதான் தெரியும். கணவருக்குப் போன் போட்டேன். "விடாத" என்றார். நானும் இன்டர்காமை எடுத்து "மத் ஜானே தீஜியே", விடாதீர்கள் என்றேன். அத்தை மேலே வந்து பையை மூலையில் வைத்தார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மயூர் விஹார் வீட்டுச் சாவியை என் கணவர் தன் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரே வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? அத்தைக்கு வாசிக்காமல் இருக்க முடியாது. டாக்டரோ கண்ணை வருத்தக்கூடாது என்றிருந்தார். கடைசியில் அவரே இறங்கி வந்தார். "ஏட்டி, நீ என்னமோ படிச்சுக்கிட்டே இருக்கியே, அத எனக்குஞ் சொல்லேன்."

நான் படிப்பதை வெளியே சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம். பாதி த்ரில்லர். மீதி, பதின்வயதினருக்கு என்று அட்டையிலேயே போட்டிருக்கும் ஆங்கில நாவல்கள். நாற்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிப்பதைப் படித்துவிட்டு விசும்பிக்கொண்டிருப்பேன். எங்கள் வாசகிகள் வாட்ஸ்அப் குழுவில் இதற்கென்றே என்னை ஓட்டுவார்கள். ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அத்தை போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து கேட்பார்.

முதல் கதை, சுவர் எழுப்பிய ஒரு நகரத்தில் பதினாறு வயதுப் பெண் புரட்சி செய்வது. எனக்கு உயிர். அத்தை பாதியிலேயே கையை நீட்டி நிறுத்தினார்.

"நாலு நாளா ஓடுதா, சண்ட போடுதா, நடுவுல அந்தப் பயலப் பாத்து வெக்கப்படவும் செய்யுதா. ஒரு வாய் தண்ணி குடிச்சாளா? பாத்ரூம் போனாளா? பக்வாஸ்."

"அதெல்லாம் எழுதினா கதை நீண்டுடுமில்லீங்களா அத்தை."

"வெக்கப்படுததுக்கு மட்டும் மூணு பக்கம் இருக்குல்லா?"

அந்தப் புத்தகத்தை மூடி வைத்தேன். அடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று. மூன்றாவது புத்தகத்தில் அத்தை ஒரு விஷயத்தைப் பிடித்துவிட்டார். "எல்லாக் கதையிலயும் அப்பன் ஆத்தாள மொத அத்தியாயத்துலயே கொன்னுபுடுதானுவளே, என்னத்துக்கு?"

"அவங்க உசுரோட இருந்தா பிள்ளைங்கள வெளிய விடமாட்டாங்க. அப்புறம் கதை எப்படிங்க நகரும்?"

அத்தை முறுக்கை ஒடித்து வாயில் போட்டு, மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார். "அச்சா. பிள்ள வெளிய போவணும்னா பெத்தவங்க சாவணும். பெத்தவ வெளிய போவணும்னா யாரு சாவணும்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் கணவர் அவருக்கு ஒரே பிள்ளை. டீ போடுகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

அதன் பிறகு, வம்பு வேண்டாம் என்று த்ரில்லருக்கு மாறினேன். மாறியது பெரிய வம்பாகப் போயிற்று. குழுவில் எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடிய நாவல். மலைமேல் ஒரு எஸ்டேட் பங்களா. ஊரே கும்பிடுகிற ஒரு டாக்டர், கல்லூரி மாணவி ஒருத்தியைக் கடத்திக்கொண்டு வந்து பின்னறையில் அடைத்து வைத்திருக்கிறான். அவன் மனைவிதான் அந்தப் பெண்ணுக்கு இரண்டு வேளை தட்டில் சாப்பாடு கொண்டுபோகிறாள். சூடாக, பார்த்துப் பார்த்துச் சமைத்து. ஒன்றும் பேச மாட்டாள். தட்டை வாங்கிக்கொண்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்துவிடுவாள்.

எனக்கு அந்த மனைவியை ரொம்பப் பிடித்திருந்தது. எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்ட பாத்திரம், அவளும் ஒரு கைதிதானே என்று குழுவில் நீளமாக ஒரு கருத்து போட்டிருந்தேன். இதயம் இதயமாக வந்து குவிந்தது. அதே பெருமையோடு அத்தையிடம், "இவதாங்க அத்தை இந்தக் கதையோட உசுரு" என்று வாயைக் கொடுத்தேன்.

"யாரு, அந்தச் சோத்துக்காரியா?" என்றார் அத்தை. "கடத்துனவன விட இவதான் மோசம்."

"அய்யோ, என்னங்க அத்தை இப்படிச் சொல்றீங்க? அவளால என்ன பண்ண முடியும்?"

"தாப்பாளு எந்தப் பக்கம் இருக்கு?"

"வெளிப்பக்கம்."

"அவ எந்தப் பக்கம் நிக்கா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கதையில் வருகிறவளுக்காக ஒரு வக்கீல் மாதிரி வாதாடினேன். அவளுக்கும் ஒரு நிலைமை இருக்கும், புருஷனை எதிர்த்துக்கொண்டு அவள் எங்கே போவாள், அந்தப் பெண்ணைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொண்டதே அவள்தானே என்றெல்லாம். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சோறு நல்லாத்தான் போடுதா. நாங் குத்தம் சொல்லலியே. ரசம் கூட நல்லாருக்கு."

கதையில் ரசம் கிடையாது. அன்றைக்கு மதியம் நான் வைத்த ரசம் அது. சுருக்கென்று தைத்தது. புத்தகத்தை மூடி மேஜையில் வைத்துவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று பொய் சொல்லி உள்ளே போய்விட்டேன். உள்ளே போய் அழுதேன். கோபத்தில்தான். இந்த மனுஷிக்காக நான் வெளியே எங்கும் போகாமல், ஒரு சிநேகிதி வீட்டுக்குக்கூடப் போகாமல், சொட்டு மருந்து விட்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்துக் காவல் இருக்கிறேன், எனக்கு இந்தப் பெயரா என்று. காவல் என்ற சொல் மனதில் வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

அந்த வாரம் என் கணவர் சாப்பிடும்போது, சாதாரணமாக ஒரு விஷயம் சொல்வது போலச் சொன்னார். "அம்மா, மயூர் விஹார் வீட்டை ஞாயித்துக்கிழமை ஒரு பேமிலி பாக்க வர்றாங்க. நல்ல டெனன்ட். சும்மா பூட்டிக் கிடக்குதே."

அத்தை சப்பாத்தியைப் பிட்டபடியே கேட்டார். "அவங்க வந்துட்டா பெறவு நான் எங்க போவேன்?"

"எங்கம்மா போகணும்? இங்கதான் இருக்கப் போற. பயமில்லாம இருக்கலாம்ல?"

"பயம் ஒனக்குல்லா. எனக்கா?"

என் கணவர் என்னைப் பார்த்தார், நீ சொல்லேன் என்பது போல. அத்தையும் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய்த் தயிர் எடுத்துக்கொண்டு வந்தேன். தயிர் ஏற்கெனவே மேஜையில் இருந்தது.

மறுநாள் மதியம் வழக்கம் போலப் புத்தகத்தை எடுத்தேன். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வேண்டாம்" என்றார்.

"முடிவு தெரிய வேண்டாமுங்களா?"

"அவ தொறக்க மாட்டா. தெரிஞ்ச கதைய என்னத்துக்குக் கேக்கணும்?" அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பக்வாஸ் என்றுகூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவு வாய் பேசுகிற ஒருத்தர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த நாளும் அப்படியே. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாப்பிட்டார். எடுத்தால் எடுக்க விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கணவர் கிளம்பிப் போனதும், அவர் அலமாரியைத் திறந்தேன். அலமாரிச் சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு? மயூர் விஹார் சாவியை எடுத்துக்கொண்டு போய் அத்தை தலைமாட்டில் வைத்தேன்.

அத்தை எழுந்து உட்கார்ந்து சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒம் புருசன் கேட்டா?" மகன் மேல் கோபம் என்றால் அவர் என் புருஷன். பாசம் வந்தால் அத்தையின் மகன்.

"நான் சொல்லிக்கறேனுங்க. ஜல்தி கிளம்புங்க, டாக்ஸி வந்துடும். நானும் கூட வந்து விட்டுட்டு வரட்டுங்களா?"

"ஒனக்கு மீட்டிங் இருக்குல்லா" என்றார். குத்தலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா, தெரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டார். மூலையில் வைத்த நாளிலிருந்து அதை அவர் பிரிக்கவே இல்லை. லிப்ட் கதவு மூடும்போது, "ரசப்பொடி கொஞ்சம் எடுத்துக்கிட்டேன்" என்றார்.

வீட்டுக்குள் வந்து இன்டர்காம் பக்கத்தில் நின்றேன். அடித்தது. "மேடம், மாதாஜி பிர் நீச்சே..." என்று மறுபடியும் அதே கேள்வியை ஆரம்பித்தார் பையா.

"ஜானே தீஜியே", போகட்டும் விடுங்கள் என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

அன்று வீட்டில் நடந்ததை விரிவாக எழுதுவதில் அர்த்தமில்லை. என் கணவர் கத்தவில்லை. அவருக்குக் கத்தத் தெரியாது. அம்மாவைப் பார்க்க ஓடினார். திரும்பி வந்தார். படியில் கைப்பிடி போட ஆள் சொல்லிவிட்டு வந்திருந்தார். குடிவர இருந்தவர்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டார். "ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னோடு பேச்சு இல்லை.

நான் நாவலின் மீதியைத் தனியாகப் படித்து முடித்தேன். அத்தை சொன்னது தப்பு. அவள் திறந்துவிடுகிறாள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அதோடு முடியவில்லை. இன்னும் அரைப் பக்கம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அத்தை போன் செய்தார். பின்னால் குக்கர் விசில், எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாளின் சிரிப்பு, தெருவில் காய்கறி விற்கிறவரின் குரல், எல்லாம் கேட்டது. படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, ஆனால் ஏறிவிட்டேன் என்றார். பிறகு, என்னவோ அதற்காகவே கூப்பிட்டது போல, "ஏட்டி, அந்தச் சோத்துக்காரி கடைசியில என்ன பண்ணா?" என்றார்.

"திறந்து விட்டுட்டாளுங்க அத்தை. அந்தப் பொண்ணு ஓடிப் போயிட்டா."

"அச்சா! பெறவு?"

"பெறவு... உள்ள போயி அந்தத் தட்டக் கழுவி வெக்கறா. அதோட கதை முடிஞ்சிருது."

"அவளுங் கூட ஓடலியா?"

"இல்லீங்க."

"ஏன்?"

ஏன் என்று எழுதியவர் சொல்லவில்லை. குழுவில் யாரும் கேட்கவும் இல்லை. ஜன்னல் இடுக்கில் டேப் ஓரம் பிய்ந்து தொங்கியது. மேனேஜரின் மெயில் பதில் போடாமல் அப்படியே கிடந்தது. புகை குறையட்டும் என்று அன்று காலையில்கூட எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் அத்தையைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது என்று ஒரு காரணம் இருந்தது. இப்போது வீட்டில் நான் மட்டும்தான்.

"தெரியலீங்க அத்தை" என்றேன்.

"கிறுக்கி, கோட்டிக்காரி" என்றார் அத்தை. "கதவு தொறந்துதானட்டி கெடந்துச்சு?"