பழைய நம்பரும் ஆத்தூர் முருகேஸ்வரியும்

தொப்பையைக் குறைக்கும் மாத்திரை பற்றி ஈவாஞ்சலினுக்கு வந்த முதல் போன், நடுக்கடலில் ஒரு கப்பலில் இருந்து வந்தது.

"யக்கா, பெவின் பேசுதேன். நம்ம கப்பல்ல ஒருத்தர் விடாம மாத்திரை வாங்கச் சொல்லி மெயில் போட்டிருக்கிய. கேப்டனுக்கே வந்திருக்கு. வயித்தத் தடவிட்டு, யாரு இந்த லேடின்னு கேக்காரு."

"நான் எதுக்குல மாத்திரை விக்கப் போறேன்?"

"அதாம்க்கா. தம்பி சாப்பிட்டியான்னு கேக்காம நீங்க ஒரு மெயிலும் போட மாட்டிய. இதுல டியர் பிரெண்டுன்னு இருந்துச்சு. இது எங்க அக்கா இல்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. லிங்க யாரும் தொடாதியன்னு சொல்லிட்டேன்."

அவன் வைத்த கையோடு மாதா கோயில் சாமியார் கூப்பிட்டார். பிறகு துறைமுகத்து ஏஜென்ட் ஒருவர். பிறகு துபாயிலிருந்து அத்தை மகன். உலகத்தில் தனக்கு இத்தனை பேரைத் தெரியும் என்பதே ஈவாஞ்சலினுக்கு அன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது.

அவள் தோணிக்காரர் மகள். பள்ளி முடிந்ததும் டைப்பிங் படித்து, ஒரு கப்பல் ஏஜென்சியில் சேர்ந்தாள். அது மூடப்பட்ட பிறகு மாதா கோயில் பக்கம் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து, கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு உட்கார்ந்தவள்தான். ஐம்பதைத் தாண்டியும் அதே நாற்காலி. கப்பலுக்குப் போகிற பையன்களுக்கு விண்ணப்பம், மெடிக்கல், லைசென்ஸ் புதுப்பிப்பு எல்லாம் அவள் கைவழியாகத்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "இத்தன தம்பிமாரு இருக்கான்வ, அது போதும்" என்பாள். பையன்களுக்குச் சொந்த மெயில் இருந்தாலும் கம்பெனிக்காரர்களிடம் ஈவாக்கா மெயிலைத்தான் கொடுப்பார்கள். கடலுக்குள் சிக்னல் வரும், போகும். அக்கா எங்கும் போகமாட்டாள்.

மெயிலைத் திறந்தாள். பாஸ்வேர்டு தப்பு என்றது. நிதானமாக ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அப்போதும் தப்பு என்றது. அப்போதுதான் முந்தின நாள் வந்த மெயில் நினைவுக்கு வந்தது. பெட்டி நிரம்பிவிட்டது, உடனே உள்ளே வராவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். பையன்களின் காகிதமெல்லாம் போய்விடுமே என்ற பதற்றத்தில், கேட்ட இடத்தில் பாஸ்வேர்டைப் போட்டிருந்தாள்.

"கள்ளப்பய கேட்டதும் கொடுத்திருக்கேன் பாரு" என்று செல்வராணியிடம் சொன்னாள். செல்வராணி அதே அறையில் ஜெராக்ஸ் மிஷின் போட்டிருப்பவள்.

"அழியப்போவுதுன்னு சொன்னா யாருக்குத்தான் கை பதறாது? விடுங்கக்கா, ஆக வேண்டியதப் பாப்போம்."

அந்த நேரம் பார்த்து ஆலந்தலையிலிருந்து ஜெமிமா வந்து நின்றாள். அவள் புருஷன் இனிகோ வேலையில்லாமல் வெகுநாளாக வீட்டில் இருந்தான். இப்போதுதான் ஒரு கப்பல் அமைந்திருந்தது. அழைப்புக் கடிதம் ஈவாஞ்சலின் மெயிலுக்குத்தான் வரும். வந்ததும் சம்மதம் என்று பதில் போடவேண்டும்.

"வந்துட்டாக்கா?"

ஈவாஞ்சலின் உண்மையைச் சொன்னாள். ஜெமிமா முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் அவள் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. "நீங்க என்னக்கா செய்விய, பாவம்" என்றாள். அந்தச் சொல்தான் ஈவாஞ்சலினை எழுந்து நிற்க வைத்தது.

மும்பைக் கம்பெனிக்கு போன் போட்டாள். கடிதம் அன்று காலையே போய்விட்டதாகவும், மறுநாள் சாயங்காலத்துக்குள் அதே மெயிலிலிருந்து பதில் வரவேண்டும் என்றும் அங்கிருந்தவர் சொன்னார். வேறு மெயிலைச் சேர்க்க முடியாதாம். "ஏற்கெனவே உங்க பேருல மாத்திரை வந்திருக்கு மேடம். எத நம்புறது?" அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

பாஸ்வேர்டு மறந்துவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தை அழுத்திப் பார்த்தாள். ஒரு போன் நம்பரின் கடைசி இரண்டு எண்ணைக் காட்டி, அதற்கு ரகசிய எண் அனுப்பட்டுமா என்று கேட்டது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ரீசார்ஜ் செய்யாமல் அவள் விட்டுவிட்ட பழைய நம்பர். இப்போது வேறு யாருக்கோ போயிருக்கும். மெயிலில் அதை மாற்றவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அந்த நம்பருக்கே போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். ஈவாஞ்சலின் பணிவாக விஷயத்தைச் சொல்லி, இப்போது ஒரு எண் வரும், அதைச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

"ஓடிபியா? யாரு கேட்டாலும் சொல்லாதன்னு பேங்குல சொல்லியிருக்காவ. போன வை."

மறுபடி போட்டாள்.

"ஏளா, உனக்கு வேற வேலையே இல்லையா? இன்னொருக்கா கூப்பிட்டா போலீஸ்ல சொல்லிருவேன்."

"அம்மா, சத்தியமா நான் கள்ளி இல்ல."

"கள்ளி இல்லன்னா மூஞ்சியக் காட்டு. ஆத்தூர் பஜாருக்கு வந்து வெத்தலக்கட முருகேஸ்வரின்னு கேளு." போன் கட்டாகிவிட்டது.

செல்வராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவ சொன்னதுதான்க்கா சரி. நேத்து நீங்களும் இப்படி இருந்திருந்தா இன்னைக்கு மாத்திரை வித்திருக்க மாட்டிய."

ஈவாஞ்சலினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குடையையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டாள். ஜெமிமாவும் கூடவே கிளம்பினாள். அவள் ஊருக்கும் அதே வழிதான். திருச்செந்தூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. பஸ் உப்பளங்களைத் தாண்டிப் போனது. முக்காணிப் பாலம் ஏறியபோது, ஆற்றில் தண்ணீர் நிறையப் போவதைப் பார்த்து ஜெமிமா சிலுவை போட்டுக்கொண்டாள்.

முருகேஸ்வரி கடை பஜாருக்குள் நுழைந்ததுமே இருந்தது. ஈரச்சாக்கு விரித்து வெற்றிலைக் கவுளிகளை அடுக்கி, நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களை உச்சி முதல் கால் வரை பார்த்தாள். ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

"நீ ஈவாஞ்சலின்தான், சரி. இந்த நம்பர் உன்னுதுங்கதுக்கு என்ன சாட்சி?"

முருகேஸ்வரியே வழி சொன்னாள்.

"இந்த சிம்மு வாங்கின நாள்ல இருந்து உன் பேரச் சொல்லி எவனெவனோ கூப்பிடுதான். ராங் நம்பர்னு சொல்லி என் வாயி வலிச்சுப்போச்சு. எங்க வீட்டுக்காரரே சந்தேகமாப் பாத்தாரு. அவன்வள்ல ஒருத்தன் பேரு சொல்லு பாப்போம்."

"பெவின்" என்றாள் ஈவாஞ்சலின். "கொஞ்சம் மூக்கால பேசுவான். எடுத்ததும் யக்கான்னுதான் ஆரம்பிப்பான்."

முருகேஸ்வரி முகம் சட்டென்று மலர்ந்தது. கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தாள்.

"அந்தத் தம்பியா! பொம்பளப் புள்ள பொறந்துச்சே, அவன்தான? கப்பல்ல இருந்து கூப்பிட்டு, யக்கா என் பெண்டாட்டி ஆஸ்பத்திரில இருக்கா, வீட்டுல ஒருத்தரும் போன் எடுக்கலன்னு அழுதான். ராங் நம்பர்னு வைக்க மனசு வரல. ஆஸ்பத்திரி பேரக் கேட்டு, நம்பர் விசாரிச்சு, நானே நர்சுகிட்ட கேட்டேன். மறுபடி கூப்பிட்டான். பொம்பளப் புள்ள, ரெண்டு பேரும் சொகம்னு சொன்னேன். இப்ப நடக்குதாமா அது?"

"ஓடுதும்மா" என்றாள் ஈவாஞ்சலின். பிள்ளை பிறந்த சமயம், நல்ல சேதி சொன்னதற்கு நன்றி அக்கா என்று பெவின் எழுதியிருந்தான். தான் ஒன்றும் சொல்லவில்லையே, சந்தோஷத்தில் ஆள் மாறி எழுதுகிறான் என்று அப்போது நினைத்திருந்தாள்.

"இரு" என்றாள் முருகேஸ்வரி. "நம்பர வரச்சொல்லு. போனத் தரமாட்டேன், நானே வாசிக்கேன்."

எண் வந்தது. சரியாக அந்த நேரத்தில் கல்யாண வீட்டுக்கு வெற்றிலை கேட்டு ஒருவர் வர, அவள் வெற்றிலையை எண்ணிக் கொடுப்பதற்குள் அந்த ரகசிய எண் நேரம் கடந்து செல்லாமல் போயிற்று. "அண்ணாச்சி, இந்தம்மா காரியம் முடியட்டும், செத்த நில்லுங்க" என்று அடுத்து வந்தவரை நிறுத்திவிட்டு, இரண்டாவது முறை அவள் ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகச் சொன்னாள். ஈவாஞ்சலின் தன் போனில் அடித்தாள். மெயில் திறந்தது.

முதலில் பாஸ்வேர்டை மாற்றினாள். மற்ற இடங்களில் திறந்திருந்ததையெல்லாம் மூடினாள். பழைய நம்பரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். உள்ளே பார்த்தால் வந்த மெயிலில் காலையிலிருந்து ஒன்றுமே இல்லை. ஜெமிமா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருகிற மெயிலெல்லாம் தானாகக் குப்பைக்குப் போகும்படி அந்தக் கள்ளன் செய்து வைத்திருந்தான். குப்பையைத் திறந்தாள். மாத்திரை வேண்டாம் என்று திட்டியவர்களுக்கு நடுவே மும்பைக் கம்பெனியின் கடிதம் கிடந்தது.

"இனிகோ பேரு இருக்கு ஜெமிமா. சிங்கப்பூர்ல ஏறணும்."

ஜெமிமா அந்தப் பஜாரிலேயே உட்கார்ந்து அழுதாள். முருகேஸ்வரி அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தாள். அங்கே நின்றபடியே சம்மதம் என்று பதில் போனது. கொஞ்ச நேரத்தில், கிடைத்தது என்று கம்பெனியிடமிருந்தும் வந்துவிட்டது.

கிளம்பும்போது ஈவாஞ்சலின் முருகேஸ்வரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க அன்னைக்குப் பெவின் போன எடுக்காம இருந்திருந்தா…" என்று தொடங்கினாள்.

"நீ வராம இருந்திருந்தா நானும்தான் உன்னக் கள்ளின்னே நெனச்சிருப்பேன். போம்மா, பஸ்சு வருது."

அன்று சாயங்காலம் எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். தம்பி சாப்பிட்டியா என்றே ஆரம்பித்தாள். பதில்கள் வந்து குவிந்தன. சாப்பிட்டேன் என்று எழுதாதவர்கள் குறைவு.

அடுத்த ஞாயிறு பூசையில், யார் யாருக்காக வேண்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்களோ அந்தக் கருத்துகளைச் சாமியார் வாசித்தார். இறந்தவர்கள் பெயரும் நோயாளிகள் பெயரும் முடிந்த பிறகு, "நன்றியாக, ஆத்தூர் முருகேஸ்வரி குடும்பத்துக்காக" என்று மைக்கில் கேட்டது. வெளியே வந்ததும் ஈவாஞ்சலின் போன் போட்டுச் சொன்னாள்.

"என் பேரையா? உங்க கோயில்லயா?" முருகேஸ்வரிக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்போ நானும் எங்க அம்மன் கோயில்ல ஒனக்கு ஒரு அர்ச்சன வைக்கணும்லா. நட்சத்திரம் என்ன?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதேம்மா."

"தெரியாட்டி என்ன? சாமி பேருக்கே வச்சிருதேன். சாமிக்கு ஒன்னத் தெரியும்."