கூடுதல் கட்டணமும் ஸ்டெல்லா அக்காவின் முதல் வரியும்

மயிலம் அருகே மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார், மாரடைப்பு என்றார்கள். மிச்ச மூட்டைகளையும் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினேன்.

திண்டிவனத்தில் ஆர்டிஓ ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். லோடு வண்டி டிரைவர்களான எங்களுக்கு மனு அடித்துக் கொடுப்பார். போலீஸ் போடும் அபராதத்தை எப்படியோ கட்டிவிடுவோம். அதன் தலையில் அரசு ஏற்றிய கூடுதல் கட்டணம்தான் எங்களை உட்கார வைத்தது. அதைக் கட்டாமல் வண்டி தகுதிச் சான்றான எஃப்சி கிடைக்காது, வண்டி ஓடாது. அந்தக் கட்டணத்தையே ரத்து செய்ய வேண்டும் என்பது அக்காவின் ஓயாத பேச்சு.

ஆனால் அவர் அடிக்கும் எந்த மனுவிலும் முதல் வரியில் நாம் செய்த தப்பு இருக்க வேண்டும். "மனு குடுக்க வந்தா பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொல்றியேக்கா" என்று கிண்டல் செய்வோம். "தப்ப ஒத்துக்கினாதான்யா, தண்டனை ஜாஸ்தின்னு கேக்க முடியும்" என்பார்.

விழுப்புரத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டி நான் மாட்டினேன். சிக்னல் எரியவில்லை என்று அடிக்கச் சொன்னேன். அக்கா மறுநாளே பஸ் பிடித்துப் போய், சிக்னலுக்கு எதிர் டீக்கடையில் விசாரித்துவிட்டு வந்தார். "ஒரு நாளும் அணையலயாம். பொய்ய நான் அடிக்க மாட்டேன், போ."

ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. வண்டி வாசலில் நின்றது. வேறு வழியில்லாமல் போய் உண்மையைச் சொன்னேன். அதையே முதல் வரியாக அடித்துக் கொடுத்தார். கலெக்டர் ஆபீசில் முதல் வரியைப் படித்த அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கட்டணம் தள்ளுபடியானது. ஓடிவந்து சொன்னேன். "உனக்குப் போனா போதுமா? எல்லாருக்கும் போவணும்" என்று ரத்து கேட்கும் பொது மனுவை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் லோடு வண்டி ஸ்டாண்டில் பாதிப் பேர் கடைசிவரை போடவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, தப்பை நாமே சொல்லிவிடும் பழக்கம். கட்டணம் இருக்கிறவரைதான் அக்காவுக்குப் பிழைப்பு, பொது மனுவெல்லாம் வேஷம், புரோக்கர்களிடம் கமிஷன் வாங்குகிறார் என்று கடைப் பக்கம் போகாத அந்த ஒரு மாதத்தில் ஸ்டாண்டில் கிளப்பிவிட்டவன் நான். அத்தனையும் பொய். அவர் காதுக்கும் போயிருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பொது மனு அவர் மகளிடம் இருக்கிறது. கடை திறந்துதான் இருக்கிறது. கையெழுத்துப் போடாதவர்கள் போய்ப் போடுங்கள்.