கூரையைக் கழற்றியவள்

செஞ்சிக் கடைத்தெருவில் பந்தல் வாடகைக்கு விடும் ஷோபனாவுக்கு, எதைப் பார்த்தாலும் ‘ஏன்’ என்று கேட்கிற வியாதி. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் பலத்த காற்று வந்தால் அவளுடைய ஆட்கள் மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஓடிப்போய் மேல்துணியின் ஒரு பக்கத்துக் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். துணி படபடக்கும், கால்கள் நிற்கும். பந்தல்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஏன் அப்படி என்று யோசித்தவள் அவள் ஒருத்தி.

போன ஐப்பசியில் மரக்காணம் கடலோரத்தில் ராஜாங்கத்துக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தாள். தகரமும் இரும்புக் கால்களும் அவளுடையவை. செஞ்சியில் மண்டி வைத்திருக்கும் ராஜாங்கம் அங்கே கருவாடு வாங்கிக் குவித்தார். அனந்தபுரத்துப் பெண்கள் ஆறு பேருக்கு வேலையும் தூக்கமும் கருவாட்டோடுதான். மீன்கூடைகளை இழுத்துவர வசதியாகக் கடலைப் பார்த்த பக்கம் அடைப்பே இல்லாமல் திறந்து கிடந்தது.

புயல் எச்சரிக்கை வந்த காலையில் ஷோபனா அவருக்குப் போன் செய்தாள்.

“பொம்பளைங்கள அனுப்பிட்டீங்களாண்ணே?”

“எதுக்கும்மா? கூரை மேல மணல் மூட்ட ஏத்தியாச்சு. திருஷ்டிப் பூசணியும் கட்டியாச்சு. அவங்க போய்ட்டா கருவாட்ட யாரு பாக்கறது?”

பூசணியை விட்டுவிடலாம், காற்றுக்குக் கண் கிடையாது. மூட்டைதான் அவளை உறுத்தியது. காற்று கூரையை மேலிருந்து அழுத்துகிறதா, கீழிருந்து தூக்குகிறதா? ஒரு செருப்புப் பெட்டியை எடுத்தாள். மூடியின் மேல் மணல் பொட்டலம் ஒன்றை வைத்து, டேபிள் ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டாள். மூடி லேசாக நடுங்கியது. ஃபேனைப் பார்த்த பக்கத்து அட்டையை வெட்டி எடுத்துவிட்டு மறுபடியும் ஓடவிட்டாள். மூடி மணலோடு எழும்பிக் கவிழ்ந்தது.

“இன்னாக்கா இது, மேஜிக்கா?” என்றான் அவளிடம் வேலை பார்க்கும் சேரன்.

“உள்ள பூந்த காத்துக்கு வெளிய போக வழியில்ல. அதான் மூடியத் தூக்குது. வண்டிய எடு.”

திண்டிவனம் தாண்டும்போதே மழை சாய்வாக அடித்தது. கொட்டகையில் ராஜாங்கம் நின்று, பெண்களைக் கருவாட்டுக்குத் தார்ப்பாய் போட வைத்துக்கொண்டிருந்தார். திறந்த பக்கத்தை அடைத்துவிடலாம் என்றான் சேரன். ஷோபனா ஒரு காலை அசைத்துப் பார்த்தாள். மணலில் ஊன்றிய கால், பால்பல் மாதிரி ஆடியது. அடைத்தால் கொட்டகையே சுவரோடு சேர்ந்து போகும்.

“கூரையக் கழட்டு சேரா. தகரத்த அடுக்கி, மூட்டைய மேல வெச்சிக் கட்டு.”

“யாரக் கேட்டு கழட்டுற?” ராஜாங்கம் பாய்ந்து வந்தார்.

“தகரம் என்னுதுண்ணே.”

“கருவாடு நனையாது?”

“உங்க லாரி சும்மாதான நிக்குது? ஏத்தி அனுப்புங்க.”

“பாருடி, கருவாட்டுக்கு லாரியாம்!” என்றாள் ஜெயக்கொடி. அந்த ஆறு பேரில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். “நாம கருவாடாப் பொறந்திருக்கணும்.”

ராஜாங்கம் அதைக் காதில் வாங்கவில்லை. “கூரையில்லாம இவங்க எங்க தங்கறது?”

“அதத்தாண்ணே நானும் காலையிலேர்ந்து கேக்கறேன்.”

பெண்கள் சிரித்துக்கொண்டே ஷோபனாவின் வண்டியில் ஏறினார்கள். பள்ளிக்கூடத்து முகாமில் அவர்களை இறக்கிவிட்டாள். இனி செஞ்சியில் ஒருத்தனும் அவளிடம் பந்தல் எடுக்கமாட்டான் என்று ராஜாங்கம் போனில் சபித்தார்.

புயல் ஓய்ந்ததும் ஜெயக்கொடியை அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். தகர அடுக்கு கட்டியபடியே கிடந்தது. எலும்புக்கூடு மாதிரி சட்டம் நின்றது. ஆனால் ஒரு கால் ஊர்ப் பக்கம் சாய்ந்திருந்தது; அடுத்த கால் கடல் பக்கம். ஷோபனா மணலில் குந்தி உட்கார்ந்து இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“ஒரே புயல். ரெண்டு பக்கமும் எப்டிச் சாயும்?”

“மொதல்ல கடல்லேர்ந்து அடிச்சிச்சிக்கா. அப்புறம் ஒரு எல கூட ஆடல. முதலாளி போன் போட்டு, ‘புயல் போயிடுச்சி, கொட்டகைக்குப் போங்க, லாரியில ஏறாத கருவாட்டு மூட்டையெல்லாம் கெடக்குது’ன்னு கத்தனாரு.”

ஷோபனா நிமிர்ந்தாள். “போனீங்களா?”

“கூரையில்லாத எடத்துக்கு எதுக்கு முதலாளின்னு கேட்டேன். கொஞ்ச நேரத்துல அந்தாண்ட, ஊர்ப் பக்கத்துலேர்ந்து திரும்ப வந்திச்சி பாரு காத்து, மொதல்ல வந்தது ஒண்ணுமேயில்ல.”